தோப்புக்கரணம் போட்டால் படிப்பு வருமா?

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் தோப்புக்கரணத்தை விளக்க வேண்டியதில்லை. இடது கையால் வலது காதையும் வலது கையால் இடது காதையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழ வேண்டும், அவ்வளவுதான். பிள்ளையார் முன்னால் போட்டால் பக்தி. வாத்தியார் முன்னால் போட்டால் தண்டனை. கைகளால் காதைப் பிடிப்பது என்று பொருள் தரும் 'தோர்பி கர்ணம்' என்ற வடமொழித் தொடர்தான் பேச்சுவழக்கில் தோப்புக்கரணம் ஆனது என்பார்கள். மகாவிஷ்ணுவின் சக்கரத்தை விளையாட்டாக விழுங்கிவிட்ட விநாயகரைச் சிரிக்க வைத்து அதை வெளியே வரவழைக்க, விஷ்ணுவே முதன்முதலில் இப்படிப் போட்டுக் காட்டினார் என்பது கோயில் கதை.

வீட்டுப்பாடம் எழுதாதவன், வாய்ப்பாடு ஒப்பிக்கத் தெரியாதவள், கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது பாதி எழுத்தைத் தொலைத்துவிடுபவன் எல்லோரும் வகுப்பறை மூலையில் போட்ட அதே தோப்புக்கரணம், 2005ஆம் ஆண்டுக்குப் பிறகு 'சூப்பர் பிரெய்ன் யோகா' என்ற புதுப்பெயரோடு வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தது. படிப்பு வராததற்குக் கிடைத்த தண்டனை, படிப்பை வரவழைக்கும் மருந்தாகிவிட்டது!

கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் உடலை ஒரு குறிப்பிட்ட விதத்தில் அசைத்தால் மூளை சீராகும், மூளை சீரானால் எழுத்து தானாக வரும் என்ற நம்பிக்கைக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. பெங்களூருக்கும் ஒரு பங்கு உண்டு.

இரண்டு நகரங்களுக்கும் இடையே, கர்நாடக எல்லையை ஒட்டினாற்போல் இருக்கிறது மூக்கண்டப்பள்ளி. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வரும்வரை அது ஓசூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 2011இல் ஓசூர் நகராட்சியோடு சேர்க்கப்பட்டது. 2019இல் ஓசூர் மாநகராட்சி ஆனதும் மாநகரத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்பது இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. உருதும் உண்டு, வேலை தேடி வந்த வட மாநிலக் குடும்பங்களின் இந்தியும் ஒடியாவும் உண்டு. அப்பாவுக்கு ஒரு வாரம் பகல் ஷிப்ட், அடுத்த வாரம் இரவு ஷிப்ட். அம்மாவும் ஏதாவது ஒரு கம்பெனிக்குப் போகிறவராக இருப்பார்.

இப்படி ஒரு வீட்டில், மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாத பிள்ளை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது சட்டைப் பொத்தான் போட அரைமணி நேரம் ஆகிறது, பந்து கைக்கு வந்தும் நழுவுகிறது. பெற்றோரிடம் மிச்சம் இருப்பது வாரத்தில் சில மணி நேரமும் கொஞ்சம் பணமும்தான். அதை எதில் செலவிடுவது? பலகை மேல் நடக்கச் சொல்லும் பயிற்சியிலா, படிக்கக் கற்றுக்கொடுப்பதிலா? தவறான பதில் சொல்பவர்களுக்கு நட்டமில்லை. பிள்ளைக்குத்தான் ஓர் ஆண்டு போய்விடும். எட்டு வயதில் ஓர் ஆண்டு என்பது சின்னக் கணக்கல்ல.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். எழுத்தும் ஒலியும் சேராமல் வாசிப்பு தடுமாறுவது ஒன்று. அதைத்தான் டிஸ்லெக்சியா என்கிறோம். கைகால்கள் சொன்னபடி கேட்காமல் தடுமாறுவது வேறொன்று. இந்த இரண்டாவதற்குத்தான் வெகுகாலம் சரியான பெயரே இல்லை. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன் 1937இல் எழுதிய நூலில், படிக்கத் திணறும் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போதே இயல்புக்கு மீறிய தடுமாற்றம் உள்ள பிள்ளைகளையும் குறிப்பிட்டார். 1962இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இவர்களைப் பற்றித் தலையங்கம் எழுதியபோதும் 'தடுமாறும் பிள்ளைகள்' என்றுதான் சொல்ல முடிந்தது. 1987இல்தான் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இதற்குத் தனி இடம் கிடைத்தது. ஒருங்கிணைப்பு வளர்ச்சிக் குறைபாடு என்று தமிழில் சொல்லலாம். 5 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு இது இருக்கலாம் என்பது அந்தக் கையேட்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு தரும் மதிப்பீடு. நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர்! நம்மூரில் இவர்களுக்குச் 'சோம்பேறி', 'கவனமில்லாதவன்' என்றெல்லாம் பெயர்.

இரண்டு குறைபாடும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தே வருவது அடிக்கடி நடக்கிறது. அதனால்தான் ஒன்றைச் சரிசெய்தால் மற்றதும் சரியாகிவிடும் என்று தோன்றிவிடுகிறது. குழப்பம் தொடங்குவதே இங்கேதான்.

இனி வரலாறு. தொடக்கம் சென்னை எழும்பூரில்.

ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1787இல் இந்தியா வந்தார். 1789இல் எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகள் அனாதை இல்லத்தின் பொறுப்பு அவருக்கு வந்தது. ஐரோப்பியச் சிப்பாய்களின் மகன்களுக்கான இல்லம் அது. அங்கே எழுத்தறிவிப்பது பெரும்பாடாக இருந்தது. ஒருநாள் அவர் போகிற வழியில் ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தை எழுதிக்கொண்டே அதன் ஒலியையும் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காகிதம் வேண்டாம், மை வேண்டாம். பிழையானால் கையால் தடவிவிட்டு மறுபடி எழுதலாம். பெல் இதைத் தன் இல்லத்தில் புகுத்தச் சொன்னார். ஆசிரியர்கள் முரண்டு பிடித்தார்கள். உடனே ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனையே கீழ்வகுப்புக்கு வாத்தியாராக்கிவிட்டார்! பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதும் மணலில் எழுதுவதும் சேர்ந்து, பெல் 1797இல் வெளியிட்ட நூல் வழியாக 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. நம் திண்ணைப் பள்ளிகளில் கோதண்டம் போன்ற கொடிய தண்டனைகளும் இருந்தன என்பது வேறு கதை. அதையெல்லாம் பொற்காலம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த மணலில் விரல் போன வழியே எழுத்தின் வடிவம்தான் என்பது. கை அசைகிறது, உண்மை. ஆனால் அந்த அசைவு 'அ' என்ற எழுத்துக்கான அசைவு. வாய் சொல்வதும் அதே எழுத்தின் ஒலி. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவதெல்லாம் எளிதில் புரியும்.

பிரான்சில் எடுவர்ட் செகென் என்பவர் 1840-களில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். 'இதுகளுக்கு எதுவும் வராது' என்று எல்லோரும் கைவிட்டிருந்த காலம் அது. தசைக்கும் புலன்களுக்கும் பயிற்சி கொடுத்து, அதிலிருந்து படிப்படியாக அறிவுக்குப் போகலாம் என்றார். ஏணி ஏறுவது, பிடிப்பது, பொருத்துவது என்று பாடங்கள். பிறகு அமெரிக்கா போய் 1866இல் இம்முறையை விளக்கி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். உடற்பயிற்சியின் வழியே அறிவு என்ற கொள்கையின் மூலவர் என்று இவரைச் சொன்னால் தவறில்லை. இவரிடமிருந்து கற்றுக்கொண்டவர்தான் மரியா மாண்டிசோரி. அவர் ரோம் நகரில் 1907இல் தொடங்கிய பள்ளியில், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவிக் கற்றார்கள்.

அந்த மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கே வந்து சேர்ந்தார். பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பு. முதல் பயிற்சி வகுப்பில் ஏறத்தாழ 300 பேர். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும், அவர் எதிரி நாட்டவர் ஆகிவிட்டார். மகன் மரியோவைப் பிடித்துக் காவலில் வைத்தது அரசு. அவருடைய 70ஆவது பிறந்த நாளுக்கு மகனை விடுவித்தார்கள். பிறகு கொடைக்கானலிலும் இருந்து, 1946வரை இந்த நாட்டில்தான் ஆசிரியர்களைப் பழக்கினார். எழும்பூரிலிருந்து போன மணல், நூற்றைம்பது ஆண்டு கழித்து அடையாறில் உப்புத்தாளாக வந்தது என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் மாண்டிசோரி அதைச் செகெனிடமிருந்து எடுத்தார், பெல்லிடமிருந்து அல்ல. இரண்டும் தனித்தனியே முளைத்தவை.

கதை திசைமாறுவது அமெரிக்காவில். 1950-களில் ஃபிலடெல்ஃபியாவில் கிளென் டோமன், கார்ல் டெலகாட்டோ என்ற இருவர் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். குழந்தை தவழ்வது, நான்கு காலில் போவது, நடப்பது என்ற படிகளில் ஏதாவது ஒன்றைத் தாண்டிக் குதித்துவிட்டால் மூளை ஒழுங்காக அடுக்கப்படாது, அதுவே பிறகு பேச்சிலும் படிப்பிலும் கோளாறாக வெளிப்படும் என்பது அவர்கள் கொள்கை. மருந்து? மறுபடி தவழ வைப்பது! தானாக முடியாத பிள்ளையை மேசை மேல் குப்புறப் படுக்க வைத்து, நான்கைந்து பேர் சேர்ந்து தலையையும் கைகால்களையும் பிடித்துத் தவழும் பாணியில் அசைப்பார்கள். ஒரு நாளைக்குப் பல முறை, வாரம் முழுக்க, மாதக்கணக்கில்.

(தவழாமல் நேராக எழுந்து நடந்த பிள்ளையைப் பற்றி நம் பாட்டிகளும் கவலைப்படுவார்கள். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களும் ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி, ஓராண்டை ஒட்டி வருகை என்று பருவம் பிரித்தவர்கள்தான். ஆனால் சப்பாணி கொட்டாத பிள்ளைக்குப் படிப்பு வராது என்று எந்தப் புலவரும் சொல்லவில்லை. தவழாமலே நடக்கும் நல்ல பிள்ளைகள் ஏராளம். 2022இல் அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் தன் வளர்ச்சிப் படிகள் பட்டியலிலிருந்து தவழ்வதையே எடுத்துவிட்டது.)

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1968இல் இந்த முறையை எச்சரித்தது, 1982இல் மறுபடி எச்சரித்தது, 1999இல் இன்னொரு முறையும் எச்சரித்தது. மூன்று முறை சொல்ல வேண்டி வந்ததே, அந்த நம்பிக்கை எவ்வளவு வலுவானது என்பதற்குச் சாட்சி. குடும்பத்தின் பணமும் நேரமும் கரைகிறது, கூடப் பிறந்த பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லாமல் போகிறது என்பதும் அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. 1978இல் ஸ்பாரோ, ஸிக்லர் என்ற உளவியலாளர்கள் ஒரு நல்ல சோதனை செய்தார்கள். ஒரு குழுவுக்கு இந்தப் பயிற்சி, இன்னொரு குழுவுக்குப் பயிற்சி இல்லாமல் கவனிப்பும் ஊக்கமும் மட்டும், மூன்றாவது குழுவுக்குக் கூடுதலாக எதுவும் இல்லை. பயிற்சிக்கென்று தனிப்பலன் எதுவும் தெரியவில்லை. இந்தச் சோதனையின் அமைப்பை நினைவில் வையுங்கள். நடுவில் இருக்கும் அந்தக் குழுதான் முக்கியம்.

அதே காலத்தில் பள்ளிகளுக்குள்ளும் இது நுழைந்தது. நெவல் கெப்பார்ட் 1960இல் எழுதிய நூலைப் படித்த ஆசிரியர்கள், மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளைக் குறுகலான பலகை மேல் நடக்க வைத்தார்கள். இருபது ஆண்டு கழித்துக் கணக்குப் பார்த்தபோதுதான் விடை வந்தது. 1983இல் கவேல், மாட்சன் இருவரும் இதுபோன்ற 180 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பயிற்சி பெற்ற பிள்ளைக்கும் பெறாத பிள்ளைக்கும் படிப்பில் ஏறத்தாழ வித்தியாசமே இல்லை.

உண்மையில் இது 1901இலேயே எதிர்பார்த்திருக்க வேண்டிய விடை. தார்ண்டைக், உட்வொர்த் என்ற இரு உளவியலாளர்கள் அந்த ஆண்டிலேயே சோதித்துச் சொன்னார்கள்: ஒன்றில் பெற்ற பயிற்சி இன்னொன்றுக்கு உதவ வேண்டுமானால் இரண்டுக்கும் பொதுவான கூறுகள் இருக்க வேண்டும். ஓசூர்க்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1980-களின் நடுவில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை ஓசூருக்கு வந்தபோது, பள்ளிப்படிப்பு முடித்த இளைஞர்களை எடுத்துப் பழக்கினார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு திருகாணியை இடுக்கியால் எடுத்து வைக்கும் வேலைக்குப் பழக்கம் அந்த இடுக்கியிலும் அந்தத் திருகாணியிலும்தான் வரும். கைப்பந்து விளையாடி வராது.

ஆனால் வியாபாரம் வரலாறு படிப்பதில்லை. கலிபோர்னியாவில் 1980-களில் பால் டெனிசனும் கெயில் டெனிசனும் 'பிரெய்ன் ஜிம்' என்று 26 அசைவுகளை வகுத்தார்கள். கழுத்தெலும்புக்குக் கீழே தேய்த்தால் அது 'மூளைப் பொத்தான்'! பல நாட்டுப் பள்ளிகளில் பரவியது. 2008இல் பிரிட்டனின் அறிவியல் அமைப்புகள் அங்குள்ள கல்வி அதிகாரிகளுக்குக் கடிதமே எழுதி, இந்த விளக்கங்களுக்கு அடிப்படை இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று.

அதைவிடப் பாடம் நிறைந்தது டோர் முறையின் கதை. வின்ஃபோர்ட் டோர் ஒரு பிரிட்டிஷ் தொழிலதிபர். மகளுக்கு டிஸ்லெக்சியா. ஆக, மோசடி செய்ய வந்தவர் என்று எளிதில் தள்ளிவிட முடியாது, ஒரு தகப்பனின் தவிப்பு அதில் இருந்தது. சிறுமூளையைத் தூண்டும் பயிற்சிகள் என்று ஆடும் பலகையில் நிற்பது, பைகளைத் தூக்கிப்போட்டுப் பிடிப்பது போன்றவற்றை மையங்கள் வைத்துக் கட்டணத்துக்குக் கற்றுக்கொடுத்தார். 2003இல் ஒரு பள்ளியின் 35 பிள்ளைகளை வைத்து ஆய்வும் வந்தது, பலன் உண்டு என்று. தோண்டிப் பார்த்தால், அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு டிஸ்லெக்சியா என்று யாரும் உறுதி செய்திருக்கவில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு ஒப்பிட வைத்திருந்த குழுவும் பயிற்சிக்குள் வந்துவிட்டது, பிறகு யாரோடு ஒப்பிடுவது? தொடர் ஆய்வையும் வெளியிட்டதைக் கண்டித்து அந்த இதழின் ஆசிரியர் குழுவிலிருந்து சிலர் விலகினார்கள். 2008இல் பிரிட்டனில் நிறுவனம் நொடித்து மூடப்பட்டது. ஒரு சாதாரண உண்மை இங்கே மறந்துபோகிறது. பிள்ளை ஓர் ஆண்டில் எப்படியும் வளர்கிறது. எந்தப் பயிற்சியும் இல்லாமலே ஆடும் பலகையில் கொஞ்சம் நன்றாக நிற்கும், கொஞ்சம் நன்றாகப் படிக்கும்.

இப்போது தோப்புக்கரணத்துக்குத் திரும்புவோம். பிலிப்பைன்ஸைச் சேர்ந்த சோவா கோக் சுய், பிராண சிகிச்சை என்ற முறையை உருவாக்கியவர். அவர் 2005இல் 'சூப்பர் பிரெய்ன் யோகா' நூலை வெளியிட்டார். காது மடலை அழுத்தினால் மூளையின் எதிர்ப்பாதி விழிக்கும், உட்கார்ந்து எழுந்தால் சக்தி மேலே ஏறும் என்பது விளக்கம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் செய்தி வந்தது. அந்த வீடியோ மின்னஞ்சலில் சுற்றியது. 'பார்த்தீர்களா, நம் முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை!' என்ற ஒரு வரியோடு எத்தனை பேருக்கு அது வந்திருக்கும் என்று கணக்கில்லை. 2019இல் ஹரியாணா மாநிலக் கல்வி வாரியம் பிவானியில் ஒரு பள்ளியில் இதைச் சோதனையாகத் தொடங்கியது.

இந்தத் தமிழ்நாட்டில் அதற்கு நேர் எதிரான காரியம் நடந்துகொண்டிருந்தது. பள்ளியில் உடல் தண்டனைக்கு இடம் கொடுத்த கல்வி விதி 2003இல் மாற்றப்பட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆவது பிரிவில், உடல் தண்டனையையும் மன வதையையும் நாடு முழுக்கத் தடை செய்தது. சட்டம் வெளியே தள்ளிய ஒன்றை, சிகிச்சை வேறொரு வாசல் வழியே உள்ளே கூப்பிட்டது!

சரி, இதில் ஆய்வே இல்லையா என்றால், இருக்கிறது. அதுவும் மூக்கண்டப்பள்ளிக்குப் பக்கத்திலேயே. ஓசூரை அடுத்த ஆனேக்கல் தாலுகாவில், ஜிகணிக்கு அருகே விவேகானந்த யோகா பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் ஆய்வாளர்கள் 2014இல் தோப்புக்கரணம் என்ற தமிழ்ச் சொல்லையே தலைப்பில் போட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தோப்புக்கரணத்துக்குப் பின் கவனம் கூடுகிறதா என்று பார்த்தார்கள், கூடுகிறது என்று கண்டார்கள். ஆனால் பார்த்தது நல்ல உடல்நலத்தோடு இருக்கும் கல்லூரி மாணவர்களை. கொஞ்ச நேரம் உடற்பயிற்சி செய்தால் கவனம் சற்று கூர்மையாவது பல ஆய்வுகளில் கண்டதுதான். அதிலிருந்து எட்டு வயதுப் பிள்ளையின் வாசிப்புக்குப் பாலம் போட முடியாது.

அதே ஆராய்ச்சிக் குடும்பத்தின் இன்னொரு ஆய்வு இதைவிட முக்கியமானது. எச். ஆர். நாகேந்திரா, ஆர். நாகரத்னா உள்ளிட்டோர் 1989இல் வெளியிட்டது. பெங்களூரின் நான்கு சிறப்புப் பள்ளிகளில் மனவளர்ச்சி குன்றிய 90 பிள்ளைகள். அவர்களில் 45 பேருக்கு ஒரு கல்வியாண்டு முழுக்க வாரம் ஐந்து மணி நேரம் யோகா: மூச்சுப் பயிற்சி, சூரிய நமஸ்காரம், ஆசனங்கள், தியானம். வயது, அறிவுத்திறன், குடும்ப நிலை எல்லாம் பார்த்துப் பொருத்திய மற்ற 45 பேருக்கு யோகா இல்லை. ஆண்டு முடிவில் யோகா செய்தவர்கள் அறிவுத்திறன் சோதனையிலும் சமூகப் பழக்கத்திலும் தெளிவாக முன்னேறியிருந்தார்கள்.

இதை ஒதுக்கிவிட முடியாது. ஒரு முழு ஆண்டு, 90 பிள்ளைகள், ஒப்பீட்டுக் குழு. அந்தக் காலத்தில் இந்தியாவில் இவ்வளவு உழைத்தவர்கள் குறைவு. ஆனால் 1978ஆம் ஆண்டுச் சோதனையின் நடுக்குழுவை நினைத்துப் பாருங்கள். வாரம் ஐந்து மணி நேரம் ஒரு பெரியவர் பொறுமையாகப் பக்கத்தில் இருந்து, சொன்னதைத் திரும்பச் சொல்லி, செய்ததைப் பாராட்டினால், அதுவே எவ்வளவு மாற்றும்! மற்ற 45 பேருக்கும் அதே ஐந்து மணி நேரம் பாட்டோ படமோ சொல்லிக்கொடுத்துப் பார்த்திருந்தால்தான் ஆசனத்தின் பங்கு தனியாகத் தெரிந்திருக்கும். தவிர, இந்தப் பிள்ளைகளின் நிலை வேறு. அறிவுத்திறன் நன்றாக இருந்தும் எழுத்து மட்டும் பிடிபடாத பிள்ளையின் நிலை வேறு.

அப்படியானால் அசைவுப் பயிற்சியே வீண் என்றாகிவிடுமா? இல்லை. படிப்பை விட்டுவிட்டு, கைகால் ஒருங்கிணைப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் விடை மாறுகிறது. தடுமாறும் பிள்ளைகளுக்குப் பயிற்சி உதவுகிறது. எந்தப் பயிற்சி என்பதில்தான் விஷயம். கலிபோர்னியாவில் ஜீன் ஐயர்ஸ் 1972இல் வகுத்த புலன் ஒருங்கிணைப்பு முறை, ஊஞ்சல், உருளை என்று புலன்களைத் தூண்டி அடிப்படையைச் சீராக்கப் பார்த்தது. ஆக்குபேஷனல் தெரபி மையங்களில் இன்றும் பரவலாக உள்ள முறை இது. இதற்கான சான்று குறைவு, முடிவாகச் சொல்ல முடியாது என்று குழந்தை மருத்துவர் கழகம் 2012இல் சொன்னது. இன்னொரு முறை நேரானது. பிள்ளைக்கு எது வரவில்லையோ அதையே சின்னச் சின்னத் துண்டாக்கிப் பழக்குவது. ஷூ கயிறு கட்ட வரவில்லையா, கயிற்றையே கட்டு. சைக்கிள் வரவில்லையா, சைக்கிளிலேயே ஏறு. கனடாவில் உருவான ஒரு முறையில் பிள்ளையே இலக்கு வைத்து, திட்டம் போட்டு, செய்து, சரிபார்த்துக்கொள்கிறது. 2013இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, நேரான முறைக்கு வலுவான பலனும் சுற்றுவழி முறைக்குப் பலவீனமான பலனும் கண்டது. 2017இல் கோக்ரேன் குழு கூடுதல் கறாராகப் பார்த்து, நேரான முறைக்கான சான்றுகளே இன்னும் தரமாக வேண்டும் என்றது. ஆகவே அதிலும் ஆரவாரம் வேண்டாம். ஆனால் பாண்டி ஆடத் தெரியாத பிள்ளையைப் பாண்டிக் கட்டத்தில் நிறுத்தி, ஒற்றைக் காலில் ஒரு கட்டம், பிறகு இரண்டு கட்டம் என்று பழக்க எந்த மையமும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். அது வந்துவிட்டால் தெருப்பிள்ளைகள் அந்தப் பிள்ளையை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். அந்த லாபத்தை எந்த மதிப்பெண் பட்டியலும் காட்டாது.

எழுத்துக்கும் இதே கதைதான். 2012இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் கரின் ஜேம்ஸும் லாரா எங்கல்ஹார்ட்டும், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் எழுத்துகளைக் கொடுத்தார்கள். சில எழுத்துகளைத் தானாகப் பார்த்து எழுத வைத்தார்கள், சிலவற்றைப் புள்ளிக்கோட்டின் மேல் வரைய வைத்தார்கள், சிலவற்றை விசைப்பலகையில் தட்ட வைத்தார்கள். பிறகு மூளையைப் படம் பிடித்தபோது, தானாக எழுதிய எழுத்துகளைப் பார்க்கும்போதுதான் வாசிப்புக்கான பகுதிகள் வேலை செய்தன. மேலே வரைந்ததும் தட்டியதும் அப்படிச் செய்யவில்லை. பெல் பார்த்த மணலில் புள்ளிக்கோடு கிடையாது! ஆனால் மணலிலும் மாயம் இல்லை. தடவுதல், எழுதுதல், ஒலித்தல் மூன்றையும் சேர்த்துக் கற்பிக்கும் ஆர்ட்டன் வழிமுறையை 2021இல் தொகுத்துப் பார்த்தவர்களுக்கும் கிடைத்தது சிறிய பலன்தான், அதுவும் உறுதியாகச் சொல்ல முடியாத பலன். எழுத்துக்கும் ஒலிக்குமான உறவை ஒழுங்கான வரிசையில், திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுப்பதற்குத்தான் சான்று வலுவாக இருக்கிறது. கை அதற்குத் துணை.

தமிழில் இந்த வேலைக்கு அதற்கே உரிய சிக்கல்களும் உண்டு. 'கெ' என்று சொல்லும்போது க் முதலில் வருகிறது, எ பிறகு வருகிறது. எழுதும்போது கொம்பு முதலில், க பிறகு. 'கொ' என்றால் எழுத்தின் இரண்டு பக்கமும் ஆள் நிற்கிறது. ஒலியின் வரிசை வேறு, கண்ணின் வரிசை வேறு. 247 எழுத்துகள் என்று பயமுறுத்தாமல், எந்தக் குறி எந்த ஒலிக்கு என்று பிரித்துக் காட்டும் ஆசிரியர் கிடைத்தால் பாதிச் சுமை குறையும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைக்கு ழகரமும் றகரமும் பள்ளியில்தான் முதன்முதலில் காதில் விழும் என்பதையும் அந்த ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு இந்தப் பிள்ளைகளும் தமிழ் படிக்கிறார்கள். அவர்கள் தடுமாறுவது கற்றல் குறைபாட்டாலா, புது மொழியாலா என்று பிரித்தறிவது எளிதல்ல.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டை முதன்முறையாகப் பட்டியலில் சேர்த்தது. டிஸ்லெக்சியாவையும், அசைவுத் தடுமாற்றமான டிஸ்பிராக்சியாவையும் ஒரே வரியில், ஒரே தலைப்புக்குக் கீழே வைத்தது. தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்குச் சான்றிதழ் தேவை. அதற்கு எந்தச் சோதனையைப் பயன்படுத்துவது என்று 2018இல் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டபோது, பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுப்பைக் குறிப்பிட்டது. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றோடு வடிவங்களைப் பார்த்து வரையும் சோதனையும் அதில் உண்டு.

நிம்ஹான்ஸ் இருப்பது பெங்களூரின் ஓசூர் சாலையில். மூக்கண்டப்பள்ளியிலிருந்து பஸ் ஏறினால் முப்பது கிலோமீட்டரை ஒட்டிய தூரம்தான். ஆனால் அந்தத் தொகுப்பு ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளை மனதில் வைத்து ஆங்கிலத்தில் உருவானது. வீட்டில் தெலுங்கு பேசி, பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளையை உட்கார வைத்தால் அது எதை அளக்கும் என்பதுதான் இந்த எல்லைப்புறத்து ஆசிரியர்களும் பெற்றோர்களும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய கேள்வி.